நடுவில் நிற்கும் அந்த 'ஸ்' யாருடையது? – சுவீடிஷ் தொகைச்சொற்களும் நம் பிரிக்கும் பழக்கமும்

இதை ஆசிரியர்களுக்கும் தேர்வு எழுதப்போகும் மாணவர்களுக்கும் சேர்த்தே எழுதுகிறேன். சுவீடிஷ் மொழி நமக்கு எதற்கு என்று கேட்காதீங்க. கொஞ்சம் பொறுத்துப் படித்தால், தொகைநிலைத் தொடரில் நாம் வழக்கமாக எங்கே சறுக்குகிறோம் என்பது தெரிந்துவிடும்.

படிவம் ஐந்து வகுப்பில் தொகை நடத்தத் தொடங்கிய நாள். மாணவர்கள் கொட்டாவி விடக்கூடாதே என்று ஒரு வேடிக்கை காட்டினேன். வெண்பலகையில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஒரே சொல்லை எழுதினேன்: 'ரெயலிசஷூன்ஸ்வின்ஸ்ட்பெஸ்கட்னிங்'. சுவீடிஷ் எழுத்தில் எழுதினால் 28 எழுத்துகள். சொத்தை விற்று வரும் லாபத்தின்மேல் போடும் வரி என்பது பொருள். வகுப்பு சிரித்தது. நானும் சிரித்துக்கொண்டே அசை அசையாக வெட்டிக் காட்டினேன்: ரெ-ய-லி-ச-ஷூன்ஸ்-வின்ஸ்ட்-பெ-ஸ்கட்-னிங். ஒன்பது அசை. "பயப்படாதீங்க, எவ்வளவு நீளமான சொல்லா இருந்தாலும் வெட்டி வெட்டிப் படிச்சா வந்துடும்" என்றேன்.

பின் வரிசையிலிருந்து ஒரு மாணவி கேட்டாள்: "சார், அஞ்சாவது துண்டுல கடைசியா ஒரு ஸ் இருக்கே, அது முன்னால உள்ள சொல்லோடதா, பின்னால உள்ள சொல்லோடதா?"

"அது சும்மா ஒரு ஒட்டு" என்று சொல்லிவிட்டு அடுத்த பாடத்துக்குப் போய்விட்டேன். அந்தப் பதில் தப்பு. அதைவிடப் பெரிய தப்பு நான் வெட்டிக் காட்டிய முறை. இந்தக் கட்டுரை அந்த இரண்டுக்கும் நான் எழுதும் திருத்தம்.

ஒரு விளக்கம் முதலிலேயே. இங்கே அசை என்று நான் சொல்வது ஒரே மூச்சில் வரும் ஒலித்துண்டு. யாப்பில் வரும் நேரசை, நிரையசை அல்ல. வேர் என்று சொல்வது பொருள் தரும் அடிச்சொல். சுவீடிஷ் சொற்களை ஒலிப்புக்கு முடிந்தவரை நெருக்கமாகத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன்.

அசையில் மறைந்தது, வேரில் தெரிந்தது

அந்த நீளமான சொல்லை இப்போது வேர் பார்த்துப் பிரிப்போம். 'ரெயலிசஷூன்' என்றால் விற்றுப் பணமாக்குதல். 'வின்ஸ்ட்' என்றால் லாபம். 'பெஸ்கட்னிங்' என்றால் வரி விதிப்பு. அதன் நடுவில் இருக்கும் 'ஸ்கட்' தான் வரி. ஆக, மூன்றே சொற்கள். முதல் சொல்லுக்கும் இரண்டாம் சொல்லுக்கும் இடையில் ஒரு 'ஸ்'.

நான் வெட்டிய ஐந்தாவது அசையைப் பாருங்க: 'ஷூன்ஸ்'. முதல் சொல்லின் வாலும் அந்த ஒட்டும் ஒரே அசைக்குள் போய் ஒளிந்துகொண்டன. மாணவிக்கு வந்த சந்தேகத்தை உண்டாக்கியதே என் வெட்டுதான். ஒன்பது துண்டு கொடுத்தேன். அதில் 'ச' என்ற துண்டுக்குப் பொருள் உண்டா? 'லி'க்கு உண்டா? கிடையாது. வாய்க்கு உதவும் துண்டுகளைக் கொடுத்துவிட்டு அறிவுக்கு உதவும் துண்டுகளைக் கொடுத்ததாக நினைத்துக்கொண்டேன். அசைப் பிரிப்பு உச்சரிப்புப் பயிற்சி. சொல்லின் கட்டமைப்பு வேறு பாடம். இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டுக் கொடுக்கிற பயிற்சித்தாள்கள் நம்மிடையே நிறைய புழங்குகின்றன. என்னுடையதும் அதில் ஒன்று.

உலகம் சுற்றிய இரண்டு சொற்கள்

சுவீடிஷ் மொழியிலிருந்து புறப்பட்டு உலகம் முழுக்கப் போன இரண்டு சொற்களை நீங்களும் செய்தித்தாளில் பார்த்திருப்பீங்க. ஒன்று 'ஓம்புட்ஸ்மன்'. அரசு அலுவலகங்கள்மேல் மக்கள் தரும் புகார்களை விசாரிக்கும் அதிகாரி. 1809ஆம் ஆண்டு சுவீடனின் அரசமைப்புச் சட்டம் இந்தப் பதவியை உருவாக்கியது. இன்னொன்று 'ஸ்மோர்கோஸ்பூர்ட்'. பலவகை உணவுகளைப் பரப்பிவைத்து, வேண்டியதை எடுத்துக்கொள்ளும் விருந்து மேசை.

இரண்டுக்கும் நடுவில் 'ஸ்' இருக்கிறது. பார்வைக்கு அண்ணன் தம்பி. உண்மையில் உறவே இல்லை.

'ஓம்புட்' என்றால் மற்றவர் சார்பில் நிற்பவர். 'மன்' என்றால் ஆள். இரண்டையும் சேர்க்க இடையில் வந்தது 'ஸ்'. அது எந்த வேருக்கும் சொந்தமில்லை. 'ஸ்மோர்கோஸ்பூர்ட்' அப்படி இல்லை. 'ஸ்மோர்' வெண்ணெய், 'கோஸ்' வாத்து, 'பூர்ட்' மேசை. இங்கே 'ஸ்' வாத்துக்குச் சொந்தம். அதை ஒட்டு என்று பிய்த்துவிட்டால் வாத்தின் வால் போய்விடும்!

வெண்ணெயும் வாத்தும் எப்படிச் சேர்ந்தன? வெண்ணெய் கடையும்போது மேலே மிதந்து வந்த கட்டிகளை வாத்துக்கு ஒப்பிட்டார்கள், பிறகு வெண்ணெய் தடவிய ரொட்டிக்கே அந்தப் பெயர் வந்தது என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். அதனால் 'ஸ்மோர்கோஸ்' இன்று வெண்ணெய் ரொட்டி. அந்த ரொட்டி வைத்த மேசை 'ஸ்மோர்கோஸ்பூர்ட்'.

எழுத்தைப் பார்த்தோ அசையை எண்ணியோ இந்த இரண்டு 'ஸ்'களையும் வேறுபடுத்த முடியாது. வேர் தெரிந்தால் மட்டுமே முடியும்.

மூன்று சொல் சேரும்போது

இப்போது அந்த மாணவிக்குச் சொல்லவேண்டிய பதிலுக்கு வருகிறேன்.

'வீன்' என்றால் திராட்சை மது. 'கிளாஸ்' என்றால் கண்ணாடிக் குவளை. இரண்டும் சேர்ந்தால் 'வீன்கிளாஸ்'. நடுவில் ஒட்டு இல்லை. 'ரோட்' என்றால் சிவப்பு. 'ரோட்வீன்' என்றால் சிவப்பு மது. அங்கேயும் ஒட்டு இல்லை. ஆனால் சிவப்பு மதுவுக்கான குவளையைச் சொல்லும்போது மட்டும் 'ரோட்வீன்ஸ்கிளாஸ்' ஆகிறது. திடீரென்று ஒரு 'ஸ்'!

ஏன்? 'ரோட்'டும் 'வீன்'னும் முதலில் சேர்ந்து ஒரு சொல்லாகிவிட்டன, அதற்குப் பிறகுதான் 'கிளாஸ்' வந்தது என்று அந்த 'ஸ்' காட்டுகிறது. சிவப்பாக இருப்பது மது, குவளை இல்லை. குவளைதான் சிவப்பு என்றால் 'ரொட் வீன்கிளாஸ்' என்று பிரித்து, பெயரடையின் வடிவத்தையும் மாற்றிச் சொல்வார்கள்.

சுவீடிஷ் இலக்கணத்தில் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு ஒன்று உண்டு. 'பார்ன்' குழந்தை, 'பூக்' புத்தகம், 'ஹில்லா' அலமாரித் தட்டு. 'பார்ன்பூக்ஹில்லா' என்றால் குழந்தைக்கு உரிய புத்தக அலமாரி. 'பார்ன்பூக்ஸ்ஹில்லா' என்றால் குழந்தைப் புத்தகங்கள் வைக்கும் அலமாரி. ஒரே ஒரு 'ஸ்' வந்ததும் அலமாரியின் சொந்தக்காரரே மாறிவிட்டார். முதல் சொல்லில் 'புத்தக அலமாரி' முதலில் சேர்ந்தது. இரண்டாவதில் 'குழந்தைப் புத்தகம்' முதலில் சேர்ந்தது.

ஆகவே அந்த 'ஸ்' முன்னால் உள்ள சொல்லுக்கும் பின்னால் உள்ள சொல்லுக்கும் வேராகச் சொந்தமில்லை. ஆனால் முன்னால் இருப்பதைக் கட்டி முடிக்கும் கயிறு அது. கணக்கில் அடைப்புக்குறி செய்யும் வேலையை இங்கே ஓர் ஒலி செய்கிறது. 'ஃபூட்போல்' என்ற கால்பந்துக்கு ஒட்டு வேண்டாம். கால்பந்துக் குழுவுக்கு 'ஃபூட்போல்ஸ்லாக்' என்று ஒட்டு வேண்டும். 'ஃப்ரீ' என்றால் சுதந்திரமான. 'ஹேட்' என்ற விகுதி சேர்ந்தால் 'ஃப்ரீஹேட்', அதாவது விடுதலை. விடுதலைப் போராட்டம் 'ஃப்ரீஹேட்ஸ்கம்ப்'. இங்கேயும் ஏற்கெனவே கட்டி முடித்த ஒரு சொல்லுக்குப் பின்னால்தான் 'ஸ்' வருகிறது.

இது கல்லில் செதுக்கிய விதி இல்லை. சில சின்னச் சொற்கள் இரண்டு பேராகச் சேரும்போதே 'ஸ்' கேட்கும். நான் பலகையில் எழுதிய வரிச் சொல்லில் 'வின்ஸ்ட்'டுக்குப் பிறகு ஒட்டு வரவில்லை; அங்கே ஏற்கெனவே 'ஸ்ட்' என்று முடிவதால் இன்னொரு 'ஸ்' நாக்குக்குச் சுமை. விதியும் விலக்கும் சேர்ந்ததுதான் மொழி. நமக்கு இது புதுசா என்ன?

இதே குழப்பம் தமிழிலும் உண்டு. 'பழைய புத்தகக் கடை' என்று ஒரு பலகை தொங்குகிறது. பழைய புத்தகங்களை விற்கும் கடையா, பல வருடமாக இருக்கும் புத்தகக் கடையா? தமிழில் இதைக் காட்ட ஓர் ஒலி இல்லை. சூழலை வைத்துப் புரிந்துகொள்கிறோம். சுவீடிஷ்காரர்களுக்குப் பல இடங்களில் அந்த 'ஸ்' கைகொடுக்கிறது.

முகம் மாறும் முதற்சொல்

ஒட்டு என்றால் 'ஸ்' மட்டுமில்லை. 'ஸ்கூலா' என்றால் பள்ளி. பள்ளிப் புத்தகம் 'ஸ்கூல்பூக்'. கடைசி உயிர் உதிர்ந்துவிட்டது. 'வாரா' என்றால் விற்பனைப் பொருள், 'ஹூஸ்' என்றால் வீடு, பேரங்காடி 'வாருஹூஸ்'. இறுதி 'ஆ' போய் 'உ' வந்துவிட்டது. 'ஷிர்க்கா' என்றால் தேவாலயம், 'கோர்ட்' என்றால் முற்றம். கல்லறைத் தோட்டம் 'ஷிர்க்குகோர்ட்'. இந்த 'உ' எல்லாம் யாரோ புதிதாகச் சேர்த்தவை அல்ல. பழைய சுவீடிஷ் மொழியில் இருந்த வேற்றுமை முடிவுகளின் மிச்சம். தனிச்சொல்லில் அழிந்துபோன பழைய வடிவம் தொகைக்குள்ளே பத்திரமாக இருக்கிறது.

நன்னூல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் சாரியை ஞாபகம் வரவேண்டும். பனை + காய் = பனங்காய். இறுதி 'ஐ' போய் 'அம்' வந்தது. புளி + மரம் = புளியமரம். பவணந்தி முனிவர் 17 பொதுச் சாரியைகளைப் பட்டியல் போட்டுத் தந்தார். நான் அந்தப் பட்டியலை மனப்பாடம் பண்ணச் சொல்லியே பல வருடம் ஓட்டிவிட்டேன். 'அன் ஆன் இன் அல்' என்று மாணவர்கள் ராகம் போட்டு ஒப்பிப்பார்கள். ஆனால் 'சாரியை இல்லாவிட்டால் என்ன கெடும்?' என்று ஒரு நாளும் நான் கேட்டதில்லை. 'பனைகாய்' என்று சொல்லிப் பாருங்க. புரியும், ஆனால் ஒட்டவில்லை. பனையும் காயும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கின்றன, ஒரே பொருளாகவில்லை. ஒட்டின் வேலை என்ன என்பதை ஒரு வேற்று மொழியின் 'ஸ்' எனக்குச் சொல்லிக்கொடுத்தது.

கண் ஏமாறும் இடத்தில் காது

சுவீடிஷ் எழுத்தில் ஒரே மாதிரி எழுதி, இரண்டு விதமாகப் பிரிக்கக்கூடிய சொற்கள் உண்டு. அதில் பிரபலமானது 'பீல்', 'பில்ட்' சொல். 'பீல்' என்றால் கார், 'ட்ருல்லெ' என்றால் முரட்டு ஆள். சேர்த்தால் கண்மண் தெரியாமல் கார் ஓட்டுபவன். 'பில்ட்' என்றால் படம், 'ருல்லெ' என்றால் சுருள், சேர்த்தால் படச்சுருள். எழுத்தில் இரண்டும் ஒன்றேதான். 'ட்' முன்னால் போகிறதா பின்னால் போகிறதா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று: 'கிளாஸ்' என்றால் கண்ணாடி, 'கிளஸ்' என்றால் ஐஸ்கிரீம், 'ஸ்கோல்' என்றால் கிண்ணம். கண்ணாடிக் கிண்ணமும் ஐஸ்கிரீம் கிண்ணமும் எழுத்தில் ஒன்றாகிவிடும். காரணம், ஒரே மெய் மூன்று முறை அடுத்தடுத்து வந்தால் சுவீடிஷ் எழுத்தில் ஒன்றைக் குறைத்து இரண்டாக எழுதுவார்கள். 'நட்' என்ற இரவும் 'டோக்' என்ற ரயிலும் சேர்ந்து இரவு ரயிலாகும்போது மூன்று 'ட்'டில் ஒன்று மறைந்துவிடும். வரி முடிவில் அந்தச் சொல்லை உடைக்க நேர்ந்தால், மறைந்த 'ட்' திரும்ப வந்து உட்காரும். தொகைச்சொல்லை வரி முடிவில் உடைக்கும்போது முதலில் வேர்கள் சேரும் இடத்தைப் பார் என்பது அவர்களுடைய பழக்கம். அச்சுக்கூடத்திலேயே அசையைவிட வேருக்கு முதல் மரியாதை!

எழுத்தில் ஏமாறுகிற இந்தச் சொற்கள் பேச்சில் ஏமாற்றுவதில்லை. 'பீல்' நெடில், 'பில்ட்' குறில். 'கிளாஸ்' நெடில், 'கிளஸ்' குறில். நம் தமிழ் எழுத்தில் எழுதியதும் வேறுபாடு தானாக வந்துவிட்டது, கவனிச்சீங்களா?

அதோடு அழுத்தமும் உண்டு. சுவீடிஷ் தொகைச்சொல்லில் முதல் உறுப்பு முதன்மை அழுத்தம் பெறும். கடைசி உறுப்பு இரண்டாம் அழுத்தம் பெறும். 'ஃபூட்போல்ஸ்லாக்' என்று சொல்லும்போது 'ஃபூட்' ஓங்கும், 'லாக்' கொஞ்சம் எழும், நடுவில் உள்ள 'போல்' அடங்கிவிடும். ஸ்டாக்ஹோம் பக்கத்துப் பேச்சில் இதற்கென்றே ஏறி இறங்கும் ஓர் இசையும் சேரும். பின்லாந்தில் பேசும் சுவீடிஷில் அந்த இசை வேறுபாடு இல்லை. தனித்தனிச் சொற்களாக இருந்தால் ஒவ்வொன்றும் தன் முழு அழுத்தத்தை வைத்துக்கொள்ளும். ஒரே சொல் என்பதைக் காது முதலில் அறிகிறது. சேர்த்து எழுதுவது அதற்கு எழுத்து தரும் மரியாதை.

சிரிக்க வைக்கும் பாடமும் அதன் குறையும்

சேர்த்து எழுதவேண்டிய சொல்லைப் பிரித்து எழுதும் பிழைக்கு அங்கே 'ஸேர்ஸ்க்ரீவ்னிங்' என்று பெயர். 'ஸ்க்ரீவ்னிங்' என்றால் எழுதுதல். முன்னால் உள்ள 'ஸேர்' நம் காதுக்குச் 'சேர்' மாதிரி கேட்கும். பொருளோ நேர் எதிர், 'தனியாக'. பிரித்து எழுதுவதைக் குறிக்கும் இந்தச் சொல்லே சேர்த்து எழுதப்படும் தொகைச்சொல் என்பது கூடுதல் வேடிக்கை.

இந்தப் பிழையைக் கண்டிக்க அவர்களிடம் கேலிப் பட்டியல் ஒன்று சுற்றிக்கொண்டே இருக்கும். 'பழுப்பு முடி கொண்ட தாதி' என்று எழுதவேண்டியதைப் பிரித்து எழுதினால் 'பழுப்பான, ரோமம் நிறைந்த, நோயாளியான பராமரிப்பாளர்' என்று ஆகிவிடும். ஏனென்றால் 'ஷூக்' என்றால் நோயுற்ற, 'ஷோத்தர்ஸ்கா' என்றால் பராமரிப்பவள், சேர்ந்தால்தான் தாதி. 'ரோக்ஃப்ரிட்' என்றால் புகையில்லா இடம். பிரித்து 'ரோக் ஃப்ரிட்' என்று எழுதினால் 'தாராளமாகப் புகை பிடி'! 'ஷிக்லிங்லேவர்' என்றால் கோழி ஈரல். பிரித்தால் 'கோழி உயிர் வாழ்கிறது'.

நன்றாகச் சிரிக்கலாம். நானும் வகுப்பில் சொல்லிச் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் பாடம் என்ற முறையில் இந்தப் பட்டியலில் எனக்கு மூன்று குறைகள் தெரிகின்றன.

முதலாவது, அது பயத்தை மட்டும் கற்றுக்கொடுக்கிறது. 'இடைவெளி விட்டால் மானம் போகும்' என்பதோடு நின்றுவிடுகிறது. ஏன் சேர்த்து எழுதவேண்டும் என்ற காரணம் அதில் இல்லை. காரணம் காதில் இருக்கிறது. பட்டியல் கண்ணுக்கு மட்டும் பேசுகிறது.

இரண்டாவது, அது பொருத்தமான சொற்களாகப் பொறுக்கி எடுத்தது. பெரும்பாலான சொற்களைப் பிரித்து எழுதினாலும் வேறு பொருள் பிறக்காது. கால்பந்தைப் பிரித்து எழுதினால் என்ன கெடும்? ஒன்றும் கெடாது, ஆனாலும் பிழைதான். வேடிக்கையான பொருள் வந்தால்தான் பிழை என்று நம்பிய மாணவன் அந்த இடத்தில் இடைவெளி விட்டுவிடுவான்.

மூன்றாவது, பழியைச் சுலபமாக ஆங்கிலத்தின்மேல் போடுவது. ஆங்கிலத்தில் இடைவெளி விட்டு எழுதும் தொகைகள் நிறைய. அதைப் பார்த்துப் பழகிய கை பிரித்து எழுதுகிறது என்கிறார்கள். தனக்குத் தெரியாத தொகைச்சொல்லைத் தப்பு என்று காட்டும் கணினியையும் குறை சொல்கிறார்கள். இரண்டிலும் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் பழைய சுவீடிஷ் நூல்களிலும் தொகைகளைப் பிரித்து எழுதியது உண்டு. அந்தக் காலத்தில் இதில் இவ்வளவு கண்டிப்பு கிடையாது. பழியை வெளியே தள்ளிவிட்டால், வகுப்பில் நாம் சொல்லிக்கொடுக்கத் தவறியது என்ன என்ற கேள்வி எழுவதே இல்லை.

ஆறு தொகையும் அங்கே உண்டா?

தேர்வு மாணவர்களே, இது உங்களுக்கு. நன்னூல் சொல்லும் ஆறு தொகைகளையும் சுவீடிஷ் சொற்களில் தேடிப் பார்த்தேன்.

'பார்ன்லேக்கரெ' என்றால் குழந்தை மருத்துவர். குழந்தைகளுக்கு மருத்துவம் செய்பவர் என்று விரியும். 'கு' உருபும் மறைந்திருக்கிறது, செய்யும் வேலையும் மறைந்திருக்கிறது. உருபும் பயனும் உடன்தொக்க தொகை. 'ஸ்க்ரீவ்பூர்ட்' என்றால் எழுதுமேசை. காலம் காட்டாத வினையடியும் பெயரும். நம் 'எழுதுகோல்' மாதிரி வினைத்தொகைக்குப் பக்கத்தில் வருகிறது. 'ரோட்வீன்' பண்புத்தொகை. இங்கே 'ரோட்' பெயருக்கு ஏற்ப வடிவம் மாறாமல் வெறும் அடியாக நிற்பதையும் பாருங்க. 'ஸ்நோவீட்' என்றால் பனி போல வெண்மையான. உவமை உருபு மறைந்தது. 'ஸ்வர்ட்வீட்' என்றால் கறுப்பும் வெள்ளையும், 'உம்' மறைந்தது. 'ரோட்ஹாக்கெ' என்றால் சொல்லுக்குச் சொல் 'சிவப்புத் தாடை', ஆனால் அது தாடை இல்லை, ஒரு சின்னப் பறவை. அன்மொழித்தொகை!

ஆறும் கிடைத்துவிட்டதே என்று துள்ளவேண்டாம். 'பார்த்தீங்களா, எல்லாம் தமிழிலேயே இருக்கு' என்று கிளம்பினால் அதுவும் ஒரு சறுக்கல்தான். பவணந்தியார் வகுத்தது தமிழுக்கு. சுவீடிஷ் சொற்களுக்கு அது கடன் வாங்கிய கண்ணாடி. பல தெரியும், சில தெரியாது. எடுத்துக்காட்டாக, சுவீடிஷ் பெயர்ச்சொற்கள் இலக்கணப்பாலால் இரண்டு வகை. தொகையில் கடைசிச் சொல் எந்த வகையோ, முழுச்சொல்லும் அந்த வகைதான். தமிழ்த் தொகையில் அப்படி ஒரு கேள்வியே எழாது. அதே மாதிரி, வல்லினம் மிகுதல் என்ற நம் வசதி அவர்களுக்குக் கிடையாது.

ஆனாலும் ஒரு பொதுக் குணம் மிக முக்கியம். இரண்டு மொழியிலும் பெரும்பாலான தொகைகளில் தலைச்சொல் கடைசியில் நிற்கும். ஆகவே வலப்பக்கத்திலிருந்து பிரியுங்கள். முதலில் 'இது என்ன?' என்று கேளுங்கள், பிறகு 'எப்படிப்பட்டது?' என்று கேளுங்கள். 2018ஆம் ஆண்டின் சுவீடிஷ் புதுச்சொல் பட்டியலில் 'ஃப்ளீக்ஸ்கம்' என்ற சொல் இடம்பெற்றது. இது என்ன? 'ஸ்கம்', வெட்கம். என்ன வெட்கம்? 'ஃப்ளீக்', விமானப் பயணம். சுற்றுச்சூழலைக் கெடுத்துக்கொண்டு விமானத்தில் பறக்கிறோமே என்ற கூச்சம். அகராதியில் ஏறாத காலத்திலேயே கேட்டவர்கள் புரிந்துகொண்டார்கள். தொகையின் பலம் அதுதான்.

நம் விடைத்தாளில்

நம் மாணவர்களின் தலைக்குள் மூன்று பழக்கங்கள் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மலாயில் 'கெரெத்தா அப்பி' என்று இடைவெளி விட்டு எழுதுகிறார்கள். அதில் தலைச்சொல் முதலில் வருகிறது. 'மாத்தாஹாரி' மாதிரி சிலவற்றை மட்டும் சேர்த்து எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் பாதி சேர்த்தும் பாதி பிரித்தும். தமிழுக்கு வரும்போது 'மருந்து கடை' என்று எழுதிவிடுகிறார்கள். ஒற்று இல்லை. அப்படியே படித்தால் 'மருந்தைக் கடை' என்று யாரோ மத்தைக் கையில் கொடுத்துக் கட்டளையிடுவது போல் இருக்கும்! 'தந்தப்பலகை' என்றால் யானைத் தந்தத்தால் ஆன பலகை. 'தந்த பலகை' என்றால் யாரோ கொடுத்த பலகை. நம்முடைய கேலிப் பட்டியல் இது.

இந்தப் பிழைகளைத் திருத்தும்போது நான் பல வருடம் சிவப்பு மையில் 'க்' என்று மட்டும் எழுதி அரை மதிப்பெண் குறைத்தேன். மாணவன் அடுத்த தேர்விலும் அதையே எழுதினான். ஏனென்றால் நான் எழுத்தைத் திருத்தினேன், காரணத்தைச் சொல்லவில்லை. 'மருந்தை விற்கும் கடை என்று விரித்துப் பார். மறைந்துபோன இடத்தை அந்த க் காட்டுது' என்று சொல்லியிருந்தால் அவன் அடுத்த சொல்லுக்கும் அதைப் பயன்படுத்தியிருப்பான்.

இப்போது வகுப்பில் ஒரு தொகைச்சொல் வந்தால் நான்கு படிகளாகச் செய்கிறோம். நீங்களும் செய்து பாருங்க.

1. வாய்விட்டுச் சொல்லுதல். ஒரே சொல்லாக ஒலிக்கிறதா, இரண்டாக ஒலிக்கிறதா?
2. வலப்பக்கத்திலிருந்து கேட்டல். இது என்ன? எப்படிப்பட்டது?
3. மூன்று சொல் இருந்தால், எந்த இரண்டு முதலில் சேர்ந்தன என்று அடைப்புக்குறி போடுதல். 'பழைய புத்தகக் கடை'யை இரண்டு விதமாகவும் போட்டுப் பார்க்கலாம்.
4. நடுவில் புதிதாக வந்த ஒலியைத் தேடுதல். ஒற்றா, சாரியையா, இல்லை வேரின் வாலா? அது இல்லாவிட்டால் என்ன கெடும்?

தொகையின் பெயரை இதற்கெல்லாம் பிறகுதான் கேட்கிறேன். முன்பு அதைத்தான் முதலில் கேட்பேன். மாணவர்கள் ஆறில் ஒன்றைக் குத்துமதிப்பாகச் சொல்வார்கள்.

அந்த மாணவியிடம் ஒரு வாரம் கழித்துப் பதில் சொன்னேன். இரண்டு அலமாரிகளையும் பலகையில் வரைந்து காட்டினேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்போ புளியமரத்துல வர்ற அ-வும் இப்படித்தானா சார்?" என்று கேட்டாள். அன்றைக்குச் சாரியைப் பட்டியலை யாரும் ஒப்பிக்கவில்லை. மணி அடிக்கும்வரை மரங்களின் பெயர்களைப் பிரித்துக்கொண்டிருந்தோம்.